டிஸ்க்கும் ஒரு மோட்டார்தான்

"ஏனுங்க, இன்னொரு டிஸ்க் போட்டா எஸ்.எம்.பி.எஸ். தாங்குமுங்களா?"

கோவை காந்திபுரத்துச் சந்துகளில் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து விற்ற எங்களிடம், விலை கேட்பதற்கு முன்பே வாடிக்கையாளர்கள் கேட்ட கேள்வி இது. எஸ்.எம்.பி.எஸ். என்பது கம்ப்யூட்டருக்குள் எல்லாவற்றுக்கும் கரண்ட் கொடுக்கும் பவர் சப்ளை. கேட்டவர்களில் பலருக்குக் கம்ப்யூட்டர் புதிது. சோமனூரில் தறி ஓட்டுகிறவர், அன்னூரில் போர் மோட்டார் வைத்திருக்கிறவர், பல்லடத்தில் கோழிப்பண்ணை நடத்துகிறவர். ஆனால் எந்த மிஷின் வாங்கினாலும் அது எவ்வளவு லோடு இழுக்கும், இருக்கிற லைன் அதைத் தாங்குமா என்று கணக்குப் பார்க்காமல் அவர்கள் சுவிட்சில் கை வைக்க மாட்டார்கள். இந்தப் பகுதியின் மில்களுக்கும் பவுண்டரிகளுக்கும் பம்புக் கம்பெனிகளுக்கும் வரலாறு எழுதியிருக்கிறார்கள். அசெம்பிள் தொழிலுக்கு அப்படி ஒன்றை நான் படித்ததில்லை. ஆனால் அந்தக் கேள்வியின் வேர் மில்களின் காலத்தில்தான் இருக்கிறது.

எங்கப்பா கணபதியில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். எரிந்துபோன மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களிடம் அவர் முதலில் கேட்பது, எப்போது எரிந்தது என்பதைத்தான். ஓடிக்கொண்டிருந்தபோதா, ஸ்டார்ட் பண்ணும்போதா? நின்றிருக்கும் இண்டக்‌ஷன் மோட்டார் சுற்ற ஆரம்பிக்கும் அந்தச் சில நொடிகளில், வழக்கமாக எடுப்பதைப் போல ஐந்தாறு மடங்கு கரண்டை இழுக்கும். லோ வோல்டேஜில் அது எழும்ப முடியாமல் உறுமிக்கொண்டே நின்றால் காயில் கருகிவிடும். "ஓடற லோடப் பாக்காத கண்ணு, எடுக்கற லோடப் பாரு" என்பார். பள்ளிக்கூடத்தில் இயற்பியல் படிப்பதற்கு முன்பே எனக்குக் கிடைத்த பாடம் அது.

அப்பா மாதிரி ஆட்கள் உருவான கதை 1932இல் தொடங்குகிறது. அந்த ஆண்டு நீலகிரியில் பைகாரா ஆற்றுத் தண்ணீரை ஏறத்தாழ 3,000 அடி கீழே சிங்காராவுக்கு இறக்கி மின்சாரம் எடுக்க ஆரம்பித்தார்கள். அந்தக் கரண்ட் கோவைக்கு வந்தது. 1888லேயே ஸ்டேன்ஸ் மில் இங்கே ஓடத் தொடங்கியிருந்தாலும், மில்கள் வரிசையாக எழும்பியது பைகாராவுக்குப் பிறகுதான். 1937இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் சேர்ந்து இந்தியாவிலேயே செய்த முதல் மின்மோட்டாரைக் கொண்டுவந்தார்கள். மழை குறைந்த, கிணறு ஆழமான சீமை இது. கமலை ஏற்றம் போய்க் கிணற்றுமேட்டுக்கு மோட்டார் வந்ததும் விவசாயிக்கும் கரண்டுக்கும் நேரடி உறவு உண்டாகிவிட்டது. அந்த உறவு எவ்வளவு ஆழமானது என்பதற்குப் பெருமாநல்லூர் சாட்சி. பம்புசெட் மின்கட்டணத்தை யூனிட்டுக்குச் சில பைசா உயர்த்தியதை எதிர்த்த போராட்டத்தில் 1970 ஜூன் 19ஆம் தேதி அங்கே போலீஸ் சுட்டு மூன்று விவசாயிகள் இறந்தார்கள். கரண்டுக்காக உயிர் கொடுத்த ஊர்க்காரர்கள், கரண்டை அளந்து பார்ப்பதில் வியப்பில்லை.

ஒரு டிரான்ஸ்பார்மரில் பத்து இருபது மோட்டார்கள் தொங்கும். த்ரீ பேஸ் வந்தது குறிப்பிட்ட மணி நேரத்துக்கு மட்டும். வந்த நொடியில் எல்லாக் கிணற்றிலும் மோட்டார் ஒன்றாக எழும்பினால் பீஸ் போய்விடும். அதனால் ஆட்டோ ஸ்டார்ட்டரில் டைமர் வைத்து, ஒன்றன்பின் ஒன்றாக எடுக்கும்படி செய்தார்கள். அப்படி வைக்காத தோட்டத்துக்காரருக்கும் பக்கத்துத் தோட்டத்துக்காரருக்கும் சண்டையே வந்திருக்கிறது. பேஸ் ஒன்று போய்விட்டால் கண்டென்சர் மாட்டி சிங்கிள் பேஸில் மோட்டாரை ஓட்டுகிறவர்களும் இருந்தார்கள். அந்நேரம் ஊருக்குள் வீட்டு டியூப்லைட் மினுக்கி மினுக்கி எரியும்.

இனி டிஸ்க்குக்கு வருகிறேன். ஹார்ட் டிஸ்க் என்று சொல்லும்போது அதில் பதிந்திருக்கும் படமும் பாட்டும் கணக்கும்தான் நம் நினைவுக்கு வரும். உள்ளே இருப்பது ஒரு மோட்டார். தட்டுகளை நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுற்ற வேண்டும். டிஸ்க்குக்குப் போகும் வயரில் சிவப்பு 5 வோல்ட், அது போர்டுக்கு. மஞ்சள் 12 வோல்ட், அது மோட்டாருக்கு. ஓடிக்கொண்டிருக்கும் சாதாரண மூன்றரை அங்குல டிஸ்க் மொத்தமாக ஏழெட்டு வாட்தான் எடுக்கும். ஆனால் நின்ற நிலையிலிருந்து சுற்ற ஆரம்பிக்கையில் மஞ்சள் வயரில் மட்டும் ஏறக்குறைய 2 ஆம்பியர் இழுக்கும். அதாவது 24 வாட். நாலைந்து நொடிக்குத்தான், ஆனால் அந்த நொடிகளில் மஞ்சள் வயரில் வோல்டேஜ் சரிந்தால் டிஸ்க் 'டிக்... டிக்...' என்று அடித்துக்கொண்டு எழும்பாமல் நிற்கும், அல்லது மிஷினே ரீஸ்டார்ட் ஆகும். அப்பா கடையில் உறுமி நின்ற மோட்டார்தான் இங்கேயும்.

இந்தச் சிக்கல் பர்சனல் கம்ப்யூட்டர் பிறந்த நாளிலிருந்தே உண்டு. 1981இல் ஐ.பி.எம். தன் முதல் பி.சி.யை விற்றபோது அதற்குள் வைத்த பவர் சப்ளை வெறும் 63.5 வாட். பிளாப்பி டிரைவுக்கு அது போதும். ஹார்ட் டிஸ்க் போட விரும்பியவர்கள் திணறிப்போனார்கள். 1983இல் 10 மெகாபைட் டிஸ்க்குடன் எக்ஸ்.டி. மாடல் வந்தபோது ஐ.பி.எம். பவர் சப்ளையை 130 வாட்டாக, அதாவது இரு மடங்குக்கு மேல் ஏற்றியிருந்தது. பழைய பி.சி. வைத்திருந்தவர்களுக்காகத் தனிப் பெட்டி ஒன்றையும் கொடுத்தது. அதற்குள் டிஸ்க்கும் அதற்கென்று தனிப் பவர் சப்ளையும் இருக்கும். பெட்டிக்குள் இடம் இருக்கிறதா என்று பார்ப்பது பிறகு, கரண்ட் இருக்கிறதா என்று பார்ப்பது முதலில் என்பதை ஐ.பி.எம்.மே அப்படித்தான் கற்றுக்கொண்டது.

தொண்ணூறுகளின் நடுவில் நான் இந்தத் தொழிலுக்கு வந்தேன். பாகங்கள் சென்னை ரிச்சி தெருவிலிருந்து பார்சலில் வரும். அப்போது ஏ.டி. கேபினெட். பவர் வயர் பி-8, பி-9 என்று இரண்டு துண்டாக இருக்கும். கறுப்பும் கறுப்பும் பக்கத்தில் பக்கத்தில் வர வேண்டும், மாறினால் மதர்போர்டு போச்சு. எஸ்.எம்.பி.எஸ். வந்ததும் நாங்கள் செய்த முதல் வேலை அதைக் கையில் தூக்கிப் பார்ப்பது. உள்ளே நல்ல டிரான்ஸ்பார்மரும் கனமான ஹீட்சிங்கும் இருந்தால் எடை சொல்லிவிடும். பெயர் தெரியாத சரக்குகளில் ஸ்டிக்கரில் 300 என்றோ 450 என்றோ போட்டிருக்கும், தூக்கினால் இலேசாக இருக்கும். மொத்த வாட்டைப் பார்த்து ஏமாறக் கூடாது, 12 வோல்ட் கட்டத்தில் எத்தனை ஆம்பியர் என்று படிக்க வேண்டும். டிஸ்க் சேர்க்க வருகிறவர்களுக்கு அந்தக் கட்டத்தைக் காட்டித்தான் நாங்கள் பேசுவோம். கிணற்று மோட்டாரின் நேம்பிளேட்டைப் படித்துப் பழகியவர்கள் ஆதலால் உடனே புரிந்துகொள்வார்கள். படித்த பட்டணத்துக்காரர்களுக்கு விளக்கத்தான் நேரம் பிடித்தது.

பென்டியம்-3 வரைக்கும் பிராசஸர் பெரும்பாலும் 5 வோல்ட், 3.3 வோல்ட் லைன்களில் தன் பங்கை எடுத்துக்கொண்டது. 12 வோல்ட் டிஸ்க்குக்கும் விசிறிக்கும் மீதமிருந்தது. 2000ஆம் ஆண்டு கடைசியில் பென்டியம்-4 வந்தது. அதோடு மஞ்சளும் கறுப்புமாக நாலு முள் கொண்ட தனி வயரும் வந்தது. பிராசஸரும் 12 வோல்ட் லைனுக்கு மாறிவிட்டது. அறுபது வாட்டுக்கு மேல் தின்னும் பிராசஸர் அந்த லைனில் ஐந்து, ஆறு ஆம்பியர் எடுத்துவிடும். சாதாரண எஸ்.எம்.பி.எஸ்.ஸில் அந்தக் கட்டத்தில் பத்து ஆம்பியர் இருந்தால் அதிகம். மிச்சத்தில் இரண்டு டிஸ்க் எழும்பும். மூன்றாவதைச் சேர்த்தால் கணக்கு உதைக்கும்.

சரியாக அந்தக் காலத்தில்தான் கல்யாண வீடியோக்காரர்கள் எங்களைத் தேடி வந்தார்கள். இந்தத் தொழிலின் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அது.

கொங்கு நாட்டுக் கல்யாணம் ஒரு நாளில் முடிகிற காரியமல்ல. நாள் விருந்து, இணைச்சீர், மங்கல வாழ்த்து என்று சீர்கள் நீண்டுகொண்டே போகும். ஒவ்வொரு சீரையும் முழுதாக எடுத்தே ஆக வேண்டும், விட்டுப்போனால் மாமன் வீட்டிலிருந்து கேள்வி வரும். மினி டி.வி. கேசட்டில் எடுத்த படத்தைக் கம்ப்யூட்டருக்குள் இறக்கினால் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 13 ஜி.பி. அன்றைக்கு வீட்டுக் கம்ப்யூட்டரில் இருந்தது 20, 40 ஜி.பி. டிஸ்க். முகூர்த்த மாதம் வந்துவிட்டால் கோபியிலும் பொள்ளாச்சியிலும் திருப்பூரிலும் மிக்ஸிங் ஸ்டுடியோக்காரர்கள் தூக்கமில்லாமல் வேலை செய்வார்கள். இன்னொரு டிஸ்க், இன்னும் ஒன்று என்று கேபினெட்டில் இருக்கிற எல்லா இடத்தையும் நிரப்பச் சொல்வார்கள். புது எஸ்.எம்.பி.எஸ். வாங்கக் கையில் காசு இருக்காது, ஏனென்றால் கல்யாண வீட்டுக்காரர் கேசட் கைக்கு வந்த பிறகுதான் மீதிப் பணம் தருவார்.

அவர்களுக்கு நாங்கள் செய்துகொடுத்தது இதுதான். பழைய ஏ.டி.எக்ஸ். எஸ்.எம்.பி.எஸ். ஒன்றை எடுத்து, அதன் பெரிய கனெக்டரில் பச்சை வயரையும் கறுப்பு வயரையும் ஒரு துண்டுக் கம்பியால் சேர்த்தால் மதர்போர்டு இல்லாமலேயே ஓடும். அதை வெளியே வைத்து, சேர்த்த டிஸ்க்குகளுக்கு மட்டும் அதிலிருந்து கரண்ட். இரண்டு பவர் சப்ளையின் கிரவுண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். முதலில் டிஸ்க்குகளின் சுவிட்சைப் போட்டு, தட்டுகள் சுற்றும் சத்தம் சமமான பிறகு கம்ப்யூட்டரைப் போட வேண்டும். ஐ.பி.எம். தனிப் பெட்டியில் செய்ததும், தோட்டத்தில் டைமர் வைத்துச் செய்வதும் இதே வேலைதான். பெரிய சர்வர்களில் ஸ்கஸி டிஸ்க்குகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சுற்ற ஆரம்பிக்கும்படி ஜம்பர் வைத்திருக்கிறார்கள் என்று பிற்பாடு படித்தபோது, அந்த இன்ஜினியர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை வந்தது. எங்கள் ஊர் ஆட்டோ ஸ்டார்ட்டர் செய்தவர்கள் மேலும் அதே அளவு வந்தது.

2008இல் மின்வெட்டு தொடங்கியது. 2012இல் சென்னைக்கு இரண்டு மணி நேரம் கட் என்றால் இங்கே பாதி நாளுக்கு மேல் கரண்ட் இல்லாத நாட்கள் உண்டு. தறிகள் நின்றன, பட்டறைகள் நின்றன. 600 வி.ஏ. யு.பி.எஸ். என்பது உண்மையில் 360 வாட் மட்டுமே என்பதும், அதற்குள் இருக்கும் 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பேட்டரி ஒரு கம்ப்யூட்டரைக் கால் மணி நேரம் தாங்கினாலே பெரிது என்பதும் வீட்டுக்கு வீடு தெரிந்துவிட்டது. போய்ப் போய் வரும் கரண்டில் டிஸ்க் ஒவ்வொரு முறையும் மறுபடி எழும்ப வேண்டும். தேய்ந்த மோட்டார்கள் அந்த ஆண்டுகளில் நிறையச் செத்தன. அதே நேரத்தில், 2011 அக்டோபரில், தாய்லாந்தில் வெள்ளம் வந்து டிஸ்க் தொழிற்சாலைகள் மூழ்கின. உலகம் முழுவதும் விலை இரண்டு மடங்கானது. கரண்டும் இல்லை, டிஸ்க்கும் இல்லை. நடக்கும் டிஸ்க்கை எப்படியாவது காப்பாற்று என்பதுதான் அன்றைய ஒரே வேலை. கரண்ட் வந்ததும் சுவிட்சைப் போடாதீர்கள், வோல்டேஜ் நிற்கட்டும் என்று ஒவ்வொருவருக்கும் சொல்லி அனுப்புவோம். மோட்டார் வைத்திருந்தவர்கள் சொன்னபடி கேட்டார்கள், அவர்கள் டிஸ்க்குகள் பிழைத்தன. 2013 கடைசி நாளில் ராய்ச்சூர் - சோலாப்பூர் லைன் வழியாகத் தென்னக மின்தொகுப்பு நாட்டின் மற்றப் பகுதியோடு இணைந்தது. அதன் பிறகு மெல்ல மெல்ல நிலைமை சீரானது.

இப்போது எஸ்.எஸ்.டி. வந்துவிட்டது. அதில் சுற்றுவதற்கு ஒன்றுமில்லை, எழும்பும் லோடும் இல்லை, இரண்டு மூன்று வாட்டில் வேலை முடிகிறது. டிஸ்க் சேர்க்க வருகிறவர்கள் எஸ்.எம்.பி.எஸ். பற்றிக் கேட்பதில்லை. அது நல்லதுதான். ஆனால் வீட்டு அட்டத்தில் பழைய கேபினெட்டோ, அதிலிருந்து கழற்றிய டிஸ்க்கோ கிடந்தால் எடைக்குப் போடாதீர்கள். உங்கள் அப்பாருவின் முகமும் ஆத்தாளின் குரலும் அதற்குள் இருக்கலாம். நல்ல எஸ்.எம்.பி.எஸ். ஒன்றை மாட்டி, டிஸ்க் ஒன்றை மட்டும் தனியாக இணைத்து, ஒரே மூச்சில் எல்லாவற்றையும் வேறொன்றுக்கு நகல் எடுத்துவிடுங்கள். தொண்ணூறுகளின் பில் புத்தகமோ, வாரண்டி அட்டையோ, கடை நோட்டீஸோ வைத்திருக்கும் அசெம்பிள்காரர்களும் அவற்றைப் பத்திரப்படுத்துங்கள். இந்தத் தொழிலுக்கு ஆவணம் என்று இருப்பவை அவைதான்.