80 பேரில் ஒருத்தி... கப்பலேற்றப்பட்ட பெண்ணின் குடும்பத்தைத் தேடுவது எப்படி?

நாகர்கோவில்ல இருந்து திருநெல்வேலிக்கு பஸ் ஏறினா, ஆரல்வாய்மொழி தாண்டி, காற்றாலைகளுக்கு நடுவுல முப்பந்தல் இசக்கியம்மன் கோயில் வரும். ஜன்னலோரம் இருக்கிறவங்க ஒரு கும்பிடு போட்டுப்பாங்க. அநியாயமா செத்துப்போன பெண்ணைத் தெய்வமாக்கி, கொடைக்குக் கொடை வில்லுப்பாட்டுல அவ கதையைப் பாடுற மண் இது. செத்தவளை ஊர் மறக்கல. ஆனா, உயிரோட கப்பல்ல ஏத்திக் கொண்டுபோகப்பட்டவளை?

வெள்ளைக்காரன் காலத்தில் அதற்குப் பெயர் 'தீவாந்தர சிட்சை'. கடல் கடந்த ஒரு தீவில் ஆயுள் முழுக்க, அல்லது பல வருடங்கள் கைதியாக இருக்க வேண்டும். 1996-ல் வந்த 'சிறைச்சாலை' படம் பார்த்தவர்களுக்கு அந்தமான் ஞாபகம் வரும். ஆனால், அந்தமானுக்கு முன்பே இந்தக் கதை தொடங்கிவிட்டது. அதில் பெண்களும் இருந்தார்கள்.

சிங்கப்பூரில் இறங்கிய முதல் பெண் கைதி

1825 ஏப்ரல் 18. சிங்கப்பூர் ஆங்கிலேயர் கைக்கு வந்து ஆறு வருடம்தான் ஆகியிருந்தது. 'ஹொரேஷியோ' என்ற கப்பலில் இந்தியக் கைதிகளின் முதல் தொகுதி வந்து இறங்கியது. மொத்தம் 80 பேர். எல்லோரும் மதராஸில் இருந்து தண்டனை பெற்றுப் போனவர்கள். அதில் ஒரே ஒருத்தர்தான் பெண்.

அவர் மதராஸிலிருந்து நேராக அங்கே வரவில்லை. முதலில் போனது சுமத்ரா தீவின் பென்கூலன். இன்றைக்கு இந்தோனேசியாவின் பெங்குலு. 1787-ல் இருந்தே இந்தியக் கைதிகளை அங்கே அனுப்பி வந்தார்கள். 1824-ல் ஆங்கிலேயரும் டச்சுக்காரர்களும் ஒப்பந்தம் போட்டு ஊர்களைப் பரிமாறிக்கொண்டபோது பென்கூலன் டச்சுக்காரர்களுக்குப் போனது. கைதிகளைச் சிங்கப்பூருக்கு மாற்றினார்கள். யாரோ இரண்டு அரசாங்கம் கையெழுத்துப் போட்டதில், இந்தப் பெண் இரண்டாவது முறையாக நாடு கடத்தப்பட்டார்.

அதற்குப் பிறகு அரை நூற்றாண்டு, சிங்கப்பூரின் சாலைகளைப் போட்டதிலும் சதுப்பு நிலத்தை மேடாக்கியதிலும் இந்தியக் கைதிகளின் உழைப்பு இருக்கிறது. செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயமும், இன்றைய அதிபர் மாளிகையான இஸ்தானாவும் அவர்கள் கட்டியவைதான். கைதிகளை நிர்வகித்த மெக்நாயர் என்ற அதிகாரி 1899-ல் இதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். நம்ம ஆளு அதில் ஓர் எண்ணிக்கை. அவ்வளவுதான்.

ஆஸ்திரேலியாவில் பெருமை, நம்ம வீட்டில்?

1788-ல் இருந்து 1868 வரை பிரிட்டன் சுமார் 1,62,000 கைதிகளை ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேற்றியது. அதில் சுமார் 25,000 பேர் பெண்கள். உயரம், கண் நிறம், பிறந்த ஊர் வரைக்கும் பலரின் விவரங்கள் பதிவேட்டில் இருக்கின்றன. அந்தக் கைதி ஆவணங்களை 2007-ல் யுனெஸ்கோ 'உலக நினைவகப் பதிவேட்டில்' சேர்த்தது. 'என் பாட்டியோட பாட்டி ஒரு கைதி' என்று அங்கே இன்றைக்கு ஒருத்தர் பெருமையாகச் சொல்ல முடிகிறது.

நம்ம பக்கம் அது வாயில் வராத பேச்சு. கடல் கடந்தாலே சாதி போயிடும்னு நம்பின காலம். அதுவும் பெண், அதுவும் கொலை வழக்கு என்றால், கேட்கவே வேண்டாம். பிற்காலத்தில் அந்தமானுக்குப் போன பெண்களில் பெரும்பாலானவர்கள் மேல் இருந்தது கொலைக் குற்றம்தான். பல வழக்குகளில் இறந்தது கணவன் அல்லது குழந்தை. தீர்ப்பு ஒரே வரி. அந்த வீட்டுக்குள்ள என்ன நடந்ததுன்னு அந்த வரி சொல்லாது.

எங்கே தேடலாம்?

*முதலில் எல்லை.* அன்றைக்கு நாஞ்சில் நாடு திருவிதாங்கூர் ராஜ்ஜியம். ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு அந்தப் பக்கம் மதராஸ் மாகாணம். 1956 நவம்பர் 1-ல்தான் கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தது. அதனால், உங்க முன்னோர் கணவாய்க்கு இந்தப் பக்கம் என்றால் திருவனந்தபுரத்தில் உள்ள கேரள அரசு ஆவணக் காப்பகம். அந்தப் பக்கம் என்றால் சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம்.

*அடுத்து கோர்ட்.* மதராஸ் மாகாணத்தில் 1862 வரை பெரிய குற்றவியல் நீதிமன்றம் 'பௌஜ்தாரி அதாலத்'. நீதித்துறைப் பதிவுகளை எழும்பூரிலும், லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களிலும் பார்க்கலாம்.

*பிறகு கப்பல்.* கைதிகளோடு ஒரு பட்டியலும் போகும். பெயர், தகப்பன் பெயர், சாதி, வயது, குற்றம், உடம்பில் உள்ள அடையாளம் என்று எழுதியிருப்பார்கள். சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகத்தில் 1867 வரையிலான நிர்வாகப் பதிவுகள் இருக்கின்றன. ஒரு டிப்ஸ்: இன்றைய ஸ்பெல்லிங்கில் தேடாதீர்கள். ஆங்கில குமாஸ்தா காதில் விழுந்த மாதிரிதான் எழுதியிருப்பார். 'இசக்கியம்மை'யை நாலு விதமாக யோசித்துப் பாருங்கள்.

*கடைசியில் குடும்பம்.* நன்னடத்தை உள்ள கைதிகள் வெளியே வேலை பார்த்து, குடும்பமாக வாழ அனுமதி இருந்தது. பென்கூலனில் ராஃபிள்ஸ் கைதிகளை மூன்று வகுப்பாகப் பிரித்ததே இதற்காகத்தான். 1873-ல் சிங்கப்பூர் கைதி முகாமை மூடியபோது, தண்டனை மிச்சமிருந்தவர்கள் அந்தமானுக்குப் போனார்கள். அங்கே 1858-லேயே கைதிக் குடியிருப்பு தொடங்கியிருந்தது. அங்கு பெண் கைதிகள் சில வருடங்கள் கழித்து ஆண் கைதிகளைக் கல்யாணம் செய்து கிராமங்களில் குடியேறலாம். அவர்களுடைய வாரிசுகள்தான் 'லோக்கல் பார்ன்' என்ற பெயரில் இன்றும் அந்தமானில் வாழும் சமூகம். அதாவது, உங்க குடும்பத்தின் இன்னொரு கிளை போர்ட் பிளேரில் இருக்கவும் வாய்ப்பு உண்டு.

பரணிலும் தேடுங்க

காப்பகத்துக்குப் போவதற்கு முன் இன்னொரு இடம் இருக்கிறது. நாஞ்சில் நாட்டின் பழைய சமூக வரலாறு பலதும் நமக்குக் கிடைத்தது அழகியபாண்டியபுரம் முதலியார் வீட்டு ஓலைகளில் இருந்துதான். அதைத் தேடி வெளியே கொண்டுவந்தவர் கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை. ஒரு வீட்டில் இருந்த ஓலைக்கட்டு ஒரு நாட்டுக்கே சரித்திரம் ஆனது. உங்க வீட்டுப் பரணில் இருக்கும் பழைய பத்திரம், பாகப்பிரிவினைக் கடுதாசி எதையும் பழைய பேப்பருக்குப் போடாதீங்க. பாகம் பிரிக்கும்போது ஒரு பெண்ணின் பெயர் திடீர்னு காணாமப் போயிருந்தா, அங்கேயே நிறுத்திப் படிங்க.

வீட்டுல ஆச்சி இருந்தா, அடுத்த தடவை போகும்போது போனில் வாய்ஸ் ரெக்கார்டரை ஆன் பண்ணிட்டு, "நம்ம குடும்பத்துல பேரு சொல்லாம விட்ட பொம்பள யாராவது உண்டா ஆச்சி?"ன்னு கேளுங்க. முதல்ல, "அதெல்லாம் இப்ப எதுக்கு மக்ளே"ன்னுதான் சொல்லுவாங்க. கொஞ்சம் பொறுங்க. ஒரு பேர் கிடைச்சாலும் போதும். அந்த 80 பேரில் ஒருத்திக்கு, புத்தகத்தில் அதுகூட இல்லை.