கோன்யாக்: மண் வகுத்த பிராந்தி

கோன்யாக், பிரான்சின் தென்மேற்கே ஷாராந்த் ஆற்றுப் பகுதியில் விளையும் வெள்ளைத் திராட்சையிலிருந்து வடிக்கப்படும் பிராந்தி. 17ஆம் நூற்றாண்டில் உப்பு வாங்க வந்த டச்சு வணிகர்கள் இவ்வட்டார ஒயினையும் கப்பலேற்றினர். வழியில் அது கெட்டுப்போகவே, காய்ச்சி வடிக்கும் வழக்கம் வேரூன்றியது. செம்பு வாலையில் இருமுறை வடித்து, ஓக் பீப்பாயில் குறைந்தது 2 ஆண்டுகள் முதிரவிட வேண்டும். ஒரு லிட்டர் கோன்யாக்குக்கு ஏறத்தாழ 9 லிட்டர் ஒயின் செலவாகிறது. ஒயினில் மெலிதாக இருக்கும் மண்ணின் சாயல் பிராந்தியில் அழுத்தமாகத் தெரிவது இதனால்தான்.

இந்தச் சாயலைப் பாறையோடு பொருத்திப் பார்த்தவர் நிலவியலாளர் ஆன்றி கோக்கான். அவர் ஒரு சுவைஞருடன் ஊர் ஊராகச் சென்றதாகவும், மண்ணைப் பார்த்து அவர் கணித்த தரமும் பிராந்தியைச் சுவைத்து மற்றவர் சொன்ன தரமும் ஒத்துப்போனதாகவும் கூறுவர். கோன்யாக், செந்த் ஆகிய ஊர்களையும் ஷாம்பாஞ் என்னும் சுண்ணாம்புக் குன்றுப் பகுதியையும் ஒட்டி 1857இல் அவர் பாறை அடுக்குகளுக்குச் சூட்டிய கோனியாசியன், சாண்டோனியன், கம்பானியன் என்னும் பெயர்கள் உலக நிலவியலில் நிலைத்துவிட்டன. அரியலூர்ப் பாறைகளின் வயதைச் சொல்லவும் இவ்வரிசைப் பெயர்களே பயன்படுகின்றன. நுரைக்கும் ஷாம்பெய்ன் ஒயின் விளைவது வேறொரு வட்டாரம்.

கோன்யாக் வட்டாரத்தின் உட்பகுதிகளில் ஒன்றான கிராந்த் ஷாம்பாஞ்சின் மென்மையான சுண்ணாம்புப் பாறை மழைநீரை உள்வாங்கி, கோடையில் வேர்களுக்கு மெல்லக் கொடுக்கிறது. அதன் பிராந்தி நறுமணம் மிக்கது. ஆனால் இளமையில் முரடு. பல்லாண்டுகள் பீப்பாயில் கிடந்தால்தான் கனியும். வடக்கேயுள்ள சிறிய போர்தரியின் களிமண்ணும் சிக்கிமுக்கிக்கல்லும் கலந்த நிலம் வயலட் மலரின் மணத்தைத் தருகிறது. முதிரவும் அத்தனை காலம் பிடிப்பதில்லை. சுற்றிலும் பரந்த ஃபேன் புவா பழச்சுவை மிக்கது, இன்னும் விரைவில் பக்குவமாவது.

1870களில் ஃபிலாக்சிரா என்னும் வேர்ப்பூச்சி தோட்டங்களை அழித்தது. 1893இல் எஞ்சியது சுமார் 42,000 ஹெக்டேர். பூச்சியைத் தாங்கும் அமெரிக்க வேர்ச்செடிகளில் ஒட்டுக்கட்டினால் கொடி பிழைக்கும்; ஆனால் அவற்றில் பலவும் இந்தச் சுண்ணாம்பு மண்ணில் இலை வெளுத்து நலிந்தன. 1887இல் திராட்சை ஆய்வாளர் பியர் வியாலா அமெரிக்கா சென்று, டெக்சாஸின் டெனிசன் நகரில் வாழ்ந்த திராட்சை வல்லுநர் டி. வி. மன்சனின் உதவியோடு, சுண்ணாம்பு நிலத்தில் தழைக்கும் காட்டுக் கொடிகளைக் கண்டறிந்தார். ஒட்டுக்கட்டியபின் அழுகலுக்கு எளிதில் ஆளான பழைய ஃபோல் பிளான்ஷ் திராட்சையின் இடத்தை உக்னி பிளான் பிடித்தது.

1909இல் அரசு எல்லை வகுத்தது. 1938இல் ஆறு உட்பகுதிகளும் சட்டமாயின. இவற்றைத் தரவரிசையாக மட்டும் படிப்பது போதாது. எது எத்தனை காலம் காத்திருக்க வேண்டும் என்பதையும் இந்த மண் வரைபடம் சொல்கிறது. பெரும்பாலான புட்டிகளில் இருப்பது பல பகுதிகளின் கலவையே. ‘ஃபீன் ஷாம்பாஞ்’ என்று அச்சிட ஷாம்பாஞ் என்று பெயர்கொண்ட இரு உட்பகுதிகளின் பிராந்தி மட்டுமே சேர வேண்டும். அதில் பாதியேனும் கிராந்த் ஷாம்பாஞ்சினுடையதாக இருக்க வேண்டும்.