காட்டு மண்ணில் அழுத்த உந்துகை

மரங்களுக்கு மேல் வீசும் காற்று உண்டாக்கும் அழுத்த ஏற்ற இறக்கங்களால், மண் துளைகளில் உள்ள வாயுக்கள் அசைவுறும் நிகழ்வு. வேர்களும் நுண்ணுயிர்களும் வெளியிடும் கரியமில வாயு பெரும்பாலும் விரவல் முறையிலேயே, அதாவது செறிவு மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குப் பரவியே, மேலேறுகிறது. பலத்த காற்றில் எழும் சுழல்கள் தரையில் சில பாஸ்கல் அளவுக்கே அழுத்தத்தை மாற்றுகின்றன. வளிமண்டல அழுத்தமோ ஏறத்தாழ 1,01,325 பாஸ்கல். ஆனால் அந்தச் சிறு மாற்றம் நொடிக்கணக்கில் திரும்பத் திரும்ப நேர்வதால், மண்ணுக்குள் இருக்கும் காற்று மேலும் கீழும் ஊசலாடிக் கலக்கிறது. வாயுக்கள் விரைவாக இடம்பெயர்கின்றன. காட்டுத் தரையில் நிற்பவருக்குக் காற்றே உறைக்காதபோதும் இது நிகழக்கூடும் என்பது வியப்புக்குரியது. ஜெர்மனியின் ஃபிரைபர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஹார்ட்ஹைம் பைன் காட்டில் இதை அளந்துள்ளனர். விரவலை மட்டும் வைத்து மண்சுவாசத்தை, அதாவது மண் வெளியிடும் கரியமில வாயுவின் அளவை, கணக்கிட்டால், காற்று மிகுந்த நாள்களில் கணக்கு பிழைபடும்.