திரி வந்த வழி

அத்தியாயம் 9

சென்ற வாரம் மார்ட்டின் லூதர் கிங்கைத் திருவனந்தபுரத்தில் ஒரு பள்ளிக்கூட வாசலில் நிறுத்திவிட்டு வந்தோம். 1959ஆம் ஆண்டு. மனைவி கொரெட்டாவோடு ஒரு மாதப் பயணமாக இந்தியா வந்திருந்தார். அந்தப் பள்ளியில் படித்தவர்களில் பெரும்பாலோர் தீண்டாமைக்கு ஆளான வீட்டுப் பிள்ளைகள். தலைமையாசிரியர் எழுந்தார். விருந்தாளியை என்ன சொல்லி அறிமுகப்படுத்தினார்?

அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் இன்னொரு தீண்டத்தகாதவர் என்று.

கிங்குக்குச் சுருக்கென்றது. நேருவோடு உட்கார்ந்து விருந்து சாப்பிட்டுவிட்டு வந்தவர் அவர். ஆனால் அந்த இடத்திலேயே தன் சனங்களை நினைத்துப் பார்த்தார். நல்ல தெருவில் வீடு கிடைக்காமல், நல்ல பள்ளியில் இடம் கிடைக்காமல் ஒதுக்கப்பட்டுக் கிடந்த இரண்டு கோடிப் பேர். ஆமாம், நானும் தீண்டத்தகாதவன்தான் என்று மனத்துக்குள் ஒப்புக்கொண்டார். 1965 ஜூலை 4 அன்று அட்லாண்டாவில் தன்னுடைய எபனேசர் தேவாலயத்தில் நின்று அவரே சொன்ன கதை இது.

எங்கள் நாரணாபுரத்துக்காரர்களுக்குத் திருவனந்தபுரம் தூரமில்லை, செங்கோட்டை தாண்டினால் எட்டிவிடும் ஊர்தான். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் ஒரு வாத்தியார் சொன்ன ஒற்றைச் சொல், கடல் தாண்டி ஆறு வருஷம் கழித்தும் ஒருவரை உறுத்திக்கொண்டிருந்திருக்கிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

அங்கிருந்து இங்கே வந்ததும் உண்டு. 1966இல் கலிஃபோர்னியாவின் ஓக்லாந்தில் ஹியூ நியூட்டனும் பாபி சீலும் பிளாக் பாந்தர் கட்சியைத் தொடங்கினார்கள். 1972இல் பம்பாயில் நாம்தேவ் தசால், ராஜா தாலே, ஜே.வி. பவார் என்ற எழுத்தாளர்கள் சேர்ந்து அந்தப் பெயரையே எடுத்து தலித் பேந்தர்ஸ் என்று வைத்துக்கொண்டார்கள். 1982இல் அது மதுரைக்கு வந்தது. மலைச்சாமி கொண்டுவந்தார். அவர் 1989இல் மறைந்தபின் தொல். திருமாவளவன் பொறுப்பேற்றார். ஓக்லாந்தின் பாந்தர் மதுரையில் சிறுத்தையானது இப்படித்தான்.

இதுவரை பார்த்ததெல்லாம் மருந்து. என் அம்மா பட்டாசு ஆபீசில் சரம் பின்னியவர். மருந்து எவ்வளவு நல்ல மருந்தாக இருந்தாலும் திரி இல்லாவிட்டால் வெடி வெறும் காகிதக் குழாய் என்பார். ஒரு வெடியின் நெருப்பை அடுத்த வெடிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது பின்னுகிறவர் கை. அந்தத் திரி எங்கே கிடைத்தது?

நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதி, செட்விக் அவென்யூ, 1520ஆம் எண் கட்டடம். 1973 ஆகஸ்ட் 11. சிண்டி கேம்பல் என்ற பெண்ணுக்குப் பள்ளி திறக்கும்போது போட்டுக்கொள்ளப் புதுத் துணி வேண்டும். காசில்லை. கட்டடத்தின் பொதுக்கூடத்தை வாடகைக்கு எடுத்து ஒரு ஆட்ட விருந்து வைத்தாள். பெண்களுக்கு 25 சென்ட், பையன்களுக்கு 50 சென்ட். இசைத்தட்டு சுற்றியவன் அவளுடைய அண்ணன் கிளைவ். ஜமைக்காவிலிருந்து வந்த குடும்பம், அவனுக்கு வயது 18. உலகம் அவனை டிஜே கூல் ஹெர்க் என்று அறியும்.

அவன் ஒன்றைக் கவனித்திருந்தான். பாட்டுக்கு நடுவில் குரலும் மற்ற வாத்தியங்களும் அடங்கி, டிரம்ஸ் மட்டும் தனியே அடிக்கிற இடம் ஒன்று வரும். சில விநாடிதான். கூட்டம் அதற்காகவே காத்துக் கிடக்கிறது. ஒரே இசைத்தட்டில் இரண்டு பிரதி வாங்கினான். ஒன்றில் அந்த இடம் முடிகிறபோது மற்றதில் அதையே தொடங்கினான். சில விநாடி பல நிமிடமாக நீண்டது. அந்த அடிமேல் ஏறிப் பேசத் தொடங்கினார்கள். வீட்டையும் தெருவையும் இடித்துக் குறுக்கே நெடுஞ்சாலை போட்ட பகுதி அது. பேசுவதற்கு நிறைய இருந்தது. ஒன்பதே வருஷத்தில், 1982இல், கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் குழுவின் 'தி மெசேஜ்' வந்தபோது அந்தப் பேச்சு வறுமைக்குச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது.

தமிழுக்கு ராப் முதலில் சினிமா வழியாக எட்டிப் பார்த்தது: 1994, 'காதலன்', 'பேட்டை ராப்'. ஆனால் சினிமா கேட்காமலே தமிழில் ராப் எழுதிக் காட்டியவர்கள் மலேசியத் தமிழர்கள். ரப்பர் தோட்டங்களுக்குக் கப்பலேறிப் போன சனங்களின் வழிவந்தவர்கள். யோகி பி, எம்சி ஜெஸ், டாக்டர் பர்ன் சேர்ந்து 2006இல் 'வல்லவன்' தொகுப்பைக் கொண்டுவந்தார்கள். 'நிழல்கள்' படத்து இளையராஜா பாட்டின்மேல் கட்டிய 'மடை திறந்து' அதில்தான் இருக்கிறது.

நான் அதை முதலில் கேட்டது பட்டாசு ஆபீசுக்கு ஆள் ஏற்றிப் போகும் வேனில். டிரைவர் அண்ணன் ஒரே நாளில் நாலு தடவை போட்டார். பின்சீட்டில் இருந்த மாமா கேட்டார், "என்னடா இது, பாட்டா பேச்சா? நம்ம ஊர்ச் சரக்கே இல்லையே."

மாமாவுக்கு அன்று பதில் சொல்லத் தெரியவில்லை. இன்று சொல்வேன். திரி வெளியூர்ச் சரக்கு, சரி. மருந்து நம்முடையது மாமா. கோயிலுக்குள் போக உரிமை கேட்டதற்காக நாடார்கள் தாக்கப்பட்டு, 1899 ஜூனில் சிவகாசி எரிந்தது. அதற்கும் முன்பே, 'சாதிபேதமற்ற திராவிடர்' என்று ஒரு சொல்லைச் செய்து வைத்தார் அயோத்திதாசப் பண்டிதர். நூறு வருஷத்துக்கு மேல் அந்தச் சொல் நமத்துப் போகாமல் இருந்தது.

2018 ஜனவரி 6, சென்னை கீழ்ப்பாக்கம். இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து ஒரு குழுவை மேடையேற்றினார்கள். தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ். பெயர் பண்டிதரின் சொல்லிலிருந்து எடுத்தது. கானா, பறை, ராக், ராப் எல்லாம் ஒரே மேடையில். சாவு வீட்டுக்கு வெளியே மட்டும் நிற்க வைக்கப்பட்டிருந்த பறை அன்று நடுவில் நின்றது. ஆண்களே பாடிவந்த கானாவை இசைவாணி பாடினார். 2020இல் பிபிசி அவரை உலகின் நூறு பெண்களில் ஒருவராகச் சேர்த்தது.

அந்த மேடையில் அரக்கோணத்துப் பையன் ஒருவன் இருந்தான். அறிவு. கையில் வாத்தியம் இல்லை, சொல் மட்டும். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து, சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப்பின் கப்பலில் திருப்பி அனுப்பப்பட்டவர்களின் கதை அவனுக்குப் பாட்டி வழியாக வந்தது. 1964இல் இரண்டு அரசுகள் உட்கார்ந்து 5,25,000 பேரை இந்தியாவின் கணக்கில் எழுதிக்கொண்டன. அந்தக் கணக்கில் பாட்டியும் ஒருத்தி.

2021 மார்ச்சில் அந்தப் பாட்டியின் கதை 'என்ஜாய் எஞ்ஜாமி' ஆனது. கோடிக்கணக்கானவர்கள் கேட்டார்கள். எங்கள் ஊர்க் கொடையில் ஒலித்தது, கல்யாண வீட்டில் ஒலித்தது. அறிவு எழுதியது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

அதே ஆண்டு ஆகஸ்டில் ஓர் இசைப் பத்திரிகை அந்தப் பாட்டையும் 'சார்பட்டா பரம்பரை' படத்தின் 'நீயே ஒளி'யையும் கொண்டாடி அட்டைப்படம் வெளியிட்டது. இரண்டிலும் அறிவின் வரிகள் உண்டு. அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இரண்டு பாடகர்கள் நின்றார்கள்.

அறிவு அதில் இல்லை.

(தொடரும்)