ஹாஸ்கெல் வரைகலைப் பிணைப்புகள்

சாளரம், பொத்தான், பட்டியல் முதலியவற்றைத் தரும் அயல்மொழி நூலகங்களை ஹாஸ்கெல் நிரலிலிருந்து இயக்க உதவும் இடைநிலை நூலகங்கள் ஹாஸ்கெல் வரைகலைப் பிணைப்புகள் எனப்படும். டிகே, ஜிடிகே ஆகியவை சி மொழியிலும், டபிள்யூஎக்ஸ்விட்ஜெட்ஸ், கியூட்டி ஆகியவை சி பிளஸ் பிளஸ் மொழியிலும் எழுதப்பட்டவை. நிலை மாறிக்கொண்டே இருப்பது இவற்றின் இயல்பு. ஹாஸ்கெலோ மதிப்புகள் மாறாத மொழி. தேவைப்படும்போது மட்டுமே கணக்கிடுவது. இவ்விரண்டையும் இணைப்பது பிணைப்பாளரின் பணி.

தொடக்க வரலாறு

1990-இல் ஹாஸ்கெலின் முதல் வரையறை வெளிவந்தபோது உள்ளீடு, வெளியீடு இரண்டும் வேண்டுகோள் ஓடையாகவும் மறுமொழி ஓடையாகவும் கையாளப்பட்டன. அந்தச் சூழலில் பிறந்தது ஃபட்ஜெட்ஸ். சுவீடனின் சால்மர்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மாக்னஸ் கார்ல்சன், தாமஸ் ஹால்கிரென் இருவரும் 1993-இல் இதைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டனர். இதில் ஒவ்வொரு திரை உறுப்பும் ஓர் ஓடைச் செயலி. ஒரு புறம் செய்தி நுழையும், மறுபுறம் வெளியேறும். இத்தகைய செயலிகளைக் கோத்தால் முழுப் பயன்பாடு கிடைக்கும். தூய்மையான வடிவமைப்பு இது. ஆனால் ஃபட்ஜெட்ஸ் எந்த அயல் கருவிப்பெட்டியையும் நாடாமல் எக்ஸ் சாளர முறைமையுடன் நேரடியாகப் பேசியது. ஆகவே ஒவ்வொரு பொத்தானையும் அதன் ஆசிரியர்களே வரைய வேண்டியிருந்தது.

கிளாஸ்கோவில் சிக்பியோர்ன் ஃபின், சைமன் பெய்டன் ஜோன்ஸ் இருவரும் உருவாக்கிய ஹாகிஸ், உறுப்புகளைத் தனித்தனி இழைகளில் இயக்கும் வழியை எடுத்தது. 1996-இல் அறிவிக்கப்பட்ட உடனிகழ் ஹாஸ்கெலுக்கு இந்தத் தேவையும் ஒரு தூண்டுகோல். மார்க் ஜோன்ஸ் உருவாக்கிய கோஃபர் என்னும், ஹாஸ்கெலுக்கு நெருங்கிய உறவு மொழியில் எழுந்த டிகேகோஃபர், வரைவதை டிகேயிடமே ஒப்படைத்துவிட்டு உறுப்புகளை வகைக்குழுக்களாகப் பிரிப்பதில் கவனம் செலுத்தியது. தாமே வரைந்த நூலகங்கள் தளர்ந்தன. இரவல் வாங்கும் வழியே நிலைத்தது.

பிணைக்கும் முறைகள்

ஆயிரக்கணக்கான செயற்கூறுகளைக் கையால் பிணைப்பது பெரும் உழைப்பு. தாய் நூலகம் புதிய பதிப்பு வெளியிடும்போதெல்லாம் அந்தப் பிணைப்பு பழுதாகக்கூடும். மானுவல் சக்ரவர்த்தியின் சி2எச்எஸ் கருவி, சி மொழியின் தலைப்புக் கோப்புகளைப் படித்துப் பிணைப்புக்கு வேண்டிய வகைகளைத் தானே கணிக்கிறது. ஆக்சல் சைமன் தொடங்கிய ஜிடிகே2எச்எஸ் இக்கருவியின் திருத்திய வடிவத்தைப் பயன்படுத்தியது.

சி பிளஸ் பிளஸ் நூலகங்களில் சிக்கல் கூடுதல். ஹாஸ்கெலின் அயற்செயற்கூறு இடைமுகம் சி அழைப்புகளை மட்டுமே அறியும். டான் லைய்யென் உருவாக்கி 2004-இல் கட்டுரையாக வெளியிட்ட டபிள்யூஎக்ஸ்ஹாஸ்கெல் இதை அழகாகக் கடந்தது. ஐஃபெல் மொழிக்காரர்கள் தங்கள் பிணைப்புக்கென ஏற்கெனவே ஒரு சி உறை எழுதி வைத்திருந்தனர். லைய்யென் அதை எடுத்துக்கொண்டு, அதன் செயற்கூறு அறிவிப்புகளிலிருந்து ஹாஸ்கெல் நிரலைத் தானாக ஆக்கும் கருவியை எழுதினார். ஒரு சிறுபான்மை மொழியின் உழைப்பு இன்னொன்றுக்கு வாழ்வளித்தது.

ஹாஸ்கெலில் பொருள்நோக்கு மரபுரிமை இல்லை. ஜிடிகே2எச்எஸ் ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு வகைக்குழு அமைத்து இதை ஈடுகட்டியது. டபிள்யூஎக்ஸ்ஹாஸ்கெல், வகைக்குள் ஒரு வெற்று அளபுருவை வைத்து, பொத்தான் சாளரத்தின் வழிவந்தது என்ற செய்தியை அந்த வகைப்பெயரிலேயே அடக்கியது. பொத்தான் வேண்டிய இடத்தில் வெறும் சாளரத்தைக் கொடுத்தால் தொகுப்பியே மறுத்துவிடும். இவ்விரண்டில் பின்னதே எளியதும் சிக்கனமானதும்.

நினைவகம்

ஒரு பொத்தானை அழுத்தும்போது ஓட வேண்டிய ஹாஸ்கெல் செயற்கூறு, சி நூலகத்தின் கையில் ஒரு முகவரியாக இருக்கும். அந்த முகவரி இன்னும் பயனில் உள்ளதா என்பதை ஹாஸ்கெலின் குப்பை சேகரிப்பி அறியாது. நிரலாளரே அதை விடுவிக்க வேண்டும். மறுபுறம், பயனற்றுப்போன உறுப்பை விடுவிக்கும் இறுதிச் செயற்கூறு வேறோர் இழையில் ஓடக்கூடும். ஜிடிகே பல இழைகளுக்குப் பாதுகாப்பானதன்று என்பதால் நிரல் எதிர்பாராத இடத்தில் சரிந்துவிழும். விடுவிக்கும் வேலையை வரிசையில் வைத்து, ஜிடிகேயின் முதன்மைச் சுழற்சியிலேயே நிறைவேற்றுவது ஜிடிகே2எச்எஸ் கண்ட தீர்வு.

இன்றைய நிலை

ஜிடிகே நூலகம் தன்னைப் பற்றித் தானே தரும் விவரக் கோப்புகளைப் படித்து ஹாஸ்கெல்-ஜிஐ பிணைப்புகளை ஆக்குகிறது. திரீபென்னி-ஜியுஐ உலாவியையே திரையாகக் கொள்கிறது.