யார் சேதியைச் சொன்னது பறை

எங்கள் வீட்டுப் பரணில் இருபது வருடம் ஒரு பறை கிடந்தது. தோலை எலி தின்றுவிட்டது. வேப்பமரத்தில் வளைவாகச் செதுக்கிய மூன்று துண்டுகளும் அவற்றை இணைத்துப் பிடித்த இரும்புத் தகடுகளும்தான் மிச்சம். தாத்தா அதைப் பரணில் ஏற்றியது 1991இல், நான் பிறப்பதற்கு முன்பு.

இன்று நான் பறையடித்து ஆடுகிறேன். அதன் வரலாற்றை ஊர் ஊராகப் போய்ப் பேசுகிறேன். பேசி முடித்ததும் யாராவது வந்து, "தாத்தா விட்டதைப் பேத்தி மீட்டுட்டீங்க" என்பார்கள். அன்பாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் தாத்தா விட்டது வேறு, நான் எடுத்தது வேறு.

பறைதல் என்றால் சொல்லுதல். மலையாளத்தில் இன்றும் அன்றாடப் பேச்சில் அந்தச் சொல் இருக்கிறது. தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்தின் கருப்பொருளையும் அடுக்கும்போது தெய்வம், உணவு, விலங்கு, மரம் ஆகியவற்றோடு பறையையும் சேர்த்து வைக்கிறது. புறநானூற்றில் மாங்குடி கிழார் போற்றும் நான்கு குடிகளில் பறையனும் உண்டு. மேடையில் பலர் இந்த இடத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். கைதட்டலும் கிடைத்துவிடுகிறது. அந்தப் பாட்டுக்கும் என் தாத்தாவுக்கும் நடுவில் நடந்ததை யார் சொல்வது?

தாத்தாவின் பறை சொன்னதெல்லாம் அடுத்தவர் சேதி. கண்மாய் மீன் ஏலம், வரி கட்டக் கடைசி நாள், நாளை காலை ஊர்க்கூட்டம். தெருமுனையில் நின்று நாலு அடி அடித்துவிட்டு, சொல்லச் சொன்னதைக் கூவ வேண்டும். கருவி அவர் தோளில், குரல் அவருடையது, வார்த்தை மட்டும் வேறொருவருடையது. ஊரில் சாவு விழுந்தால் ஆள் வந்து நிற்கும். கேதத்துக்கு வரும் உறவுகளை ஒவ்வொரு முறையும் தெருக்கோடி வரை எதிர்கொண்டு அடித்துக் கூட்டிவர வேண்டும், பொணம் எடுக்கும்வரை. குனிந்தே அடிப்பாராம். நிமிர்ந்தால் திண்ணையில் இருப்பவர்கள் முகத்தைப் பார்க்க நேரும்.

இதற்கெல்லாம் கூலி, அறுவடையில் களத்தில் அளந்து போடும் நெல். ஊர்த்தொழில் செய்பவர்களுக்குக் களத்தில் கிடைக்கும் அந்தப் பங்குக்குப் பழைய பெயர் 'சுதந்திரம்'. முதன்முதலில் அதை அப்பாயி வாயால் கேட்டபோது எனக்கு நெஞ்சு அடைத்துக்கொண்டது. மாட்டேன் என்று சொல்ல முடியாத வேலையின் கூலிக்கு அந்தப் பெயர்.

தாத்தா தன் தாயைப் புதைத்த மறுநாளே இன்னொரு சாவுக்கு ஆள் வந்தது. தாத்தா போகவில்லை. அம்பேத்கர் நூற்றாண்டை ஒட்டிய அந்த வருடங்களில் எத்தனையோ ஊர்களில் இப்படி மறுத்தார்கள். பறையைத் தீயில் போட்டவர்களும் உண்டு. தாத்தாவுக்கு மூன்று மாதம் யாரும் வயல்வேலை கொடுக்கவில்லை. டவுனுக்கு நடந்துபோய் மூட்டை தூக்கினார்.

அதே காலத்தில்தான் பறையைத் தூக்கிப் பிடித்தவர்களும் வந்தார்கள். மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் தியாபிலஸ் அப்பாவு பறையை வழிபாட்டுக்குள்ளேயே கொண்டுவந்தார். கே.ஏ. குணசேகரன் ஊர் ஊராகப் பாடினார், ஆய்வும் செய்தார். 1990இல் திண்டுக்கல்லில் தொடங்கிய சக்தி கலைக்குழு, பெண்கள் தோளிலேயே பறையை மாட்டிவிட்டது. தீட்டு என்று சொல்லித் தொடவிடாமல் வைத்திருந்த கருவி அது. பெரியவர்கள் சிலர் கோபப்பட்டார்கள்: "நாங்க எரிச்சதை நீங்க எடுக்குறீகளா?" அந்தக் கோபம் நியாயம். எடுத்ததும் நியாயம். இழிவு தோலில் இல்லை, கூப்பிட்டால் போயே ஆக வேண்டும் என்பதில் இருந்தது. எரித்தவரும் எடுத்தவரும் அதைத்தான் மறுத்தார்கள்.

பதினெட்டு வயதில் தாத்தாவிடம் கேட்டுப் பரணிலிருந்து இறக்கினேன். அவர் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. புளியங்கொட்டைப் பசை வைத்துப் புதுத்தோல் ஒட்டினோம். வலக்கையில் அடிக்குச்சி, இடக்கையில் மூங்கில் சிம்புக்குச்சி. முதல் வாரம் தோள் வீங்கிவிட்டது. நின்ற இடத்தில் நின்று பறை அடிக்க முடியாது, கால் தானாக அடவுக்குப் போகும். எங்கள் ஆசான் முதலில் கற்றுக்கொடுத்தது அடியை அல்ல, நிமிர்ந்து எதிரில் இருப்பவர் கண்ணைப் பார்ப்பதை.

2022 ஆகஸ்டில் தண்டோரா போடும் வழக்கத்தை நிறுத்தச் சொல்லித் தமிழகத் தலைமைச் செயலாளர் கடிதம் எழுதினார். 2025இல் பறைக் கலைஞர் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். இரண்டு செய்தியையும் கேட்கத் தாத்தா இல்லை. தன் சாவுக்கு யாரும் அடிக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார். நானும் அடிக்கவில்லை.

பெண்களுக்கான பயிற்சியில் முதல் நாள் ஒவ்வொருவரும் தன் பெயரைச் சொல்லி ஓர் அடி அடிக்க வேண்டும். போன மாசியில் அறுபது வயது அக்கா ஒருவர் பெயர் சொல்லவில்லை. "சாவு அடி சொல்லிக் குடு தாயி" என்றார். "எங்கப்பா ஊர்ச்சாவு எல்லாத்துக்கும் அடிச்சாரு. எங்கம்மா செத்தன்னிக்கு அவரு மேலத்தெருவுல அடிச்சுக்கிட்டு இருந்தாரு. அம்மாவுக்கு ஒரு அடி இல்ல."

சொல்லிக்கொடுத்தேன். மற்ற பெண்கள் சுற்றி நின்று கூடவே அடித்தார்கள். தோல் தொய்யத் தொய்ய வைக்கோல் கொளுத்தி இரண்டு முறை காய்ச்சினோம். அக்கா நிறுத்தவில்லை. மதியச் சோறு ஆறிப்போனது.