பேஸ்மென்ற்: பாரும் ஈரமும் எங்கட சனமும்

போன மாதம் வீடியோ கோலில் மாமா தன்ர வீட்டு பேஸ்மென்றைச் சுத்திக் காட்டினார். ரொறொன்ரோவின் கிழக்குப் பக்கம், ஸ்காபரோவில், 1950களில் கட்டின சின்ன வீடு அது. "ரிட்டயர் பண்ணப் போறன் பிள்ளையள். இதில ஒரு பார் அடிக்கப் போறன்" என்றார். போத்தல் அடுக்குகிற அலுமாரி மட்டும் இல்லை, தண்ணிக் குழாய், சிங்க், வடிகால் எல்லாம் வைத்த 'வெற் பார்'. பின்னால் நின்ற மாமிக்கு அதில் கொஞ்சமும் விருப்பமில்லை. "உந்த இடத்தை ரெண்டு ஸ்ருடன்ற்ஸுக்குக் குடுத்தா மாசம் மாசம் வாடகை வரும்" என்றார்.

இரண்டு பேரும் தர்க்கப்பட்டுக்கொண்டிருக்க, கமரா சுவர்ப்பக்கம் திரும்பியது. தரையிலிருந்து ஒரு முழ உயரத்துக்கு வெள்ளை வெள்ளையாய் உப்புப் பூத்திருந்தது. பெயின்ற் உரிந்து தொங்கியது. "உதென்ன மாமா?" என்று கேட்டோம். "ஈரம். நான் வந்த புதுசில இருந்த பேஸ்மென்றிலயும் இப்பிடித்தான்" என்று சொல்லிவிட்டு, திரும்பவும் பாரைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினார்.

வரலாறு படிக்கிற எங்களுக்கு அந்த ஒரு வசனம் போதுமாக இருந்தது. ஒரே மாதிரியான நிலக்கீழ் அறை ஒரு காலத்தில் மாமாவுக்கு ஒதுங்க ஒரு இடமாக இருந்திருக்கிறது, இப்போது பொழுதுபோக்கு இடமாக மாறப்போகிறது. ஈரம் மட்டும் மாறவில்லை. இது எப்படி நடந்தது?

முதலில், ஏன் அங்கே நிலத்துக்குக் கீழே அறை கட்டுகிறார்கள்? யாழ்ப்பாணத்தில் வீடு கட்டுகிறவர்கள் அத்திவாரத்தை நிலத்துக்கு மேலே உயர்த்துவார்கள். மாரியில் வெள்ளம் நிற்கும், அதனால் படியேறித்தான் வீட்டுக்குள்ளே போகவேண்டும். கனடாவில் பிரச்சினை வேறு. அங்கே குளிர்காலத்தில் நிலமே உறைகிறது. ஈர மண் உறையும்போது விரியும், விரிந்தால் மேலே இருக்கிற அத்திவாரத்தைத் தூக்கி வெடிக்க வைக்கும். அதனால் உறைபனி இறங்காத ஆழத்துக்குக் கீழேதான் அத்திவாரம் போடவேண்டும். ரொறொன்ரோவில் அது ஏறத்தாழ 1.2 மீற்றர், அதாவது நாலடி. நாலடி தோண்டினவர்கள் இன்னும் மூன்று, நாலடி தோண்டினால் ஒரு முழு அறையே கிடைத்துவிடும். வீட்டின் அளவுக்கு ஒரு பேஸ்மென்ற் வந்தது இப்படித்தான்.

ஆரம்பத்தில் அது மனிதருக்கான இடமில்லை. வீட்டைச் சூடாக்குகிற பெரிய உலை அங்கே இருந்தது. அதற்குப் பக்கத்தில் நிலக்கரி குவிந்து கிடந்தது. உருளைக்கிழங்கு சேமிப்பதும் உடுப்புத் தோய்ப்பதும் அங்கேதான். கரி எரிந்த காலத்தில் யாரும் அங்கே கதிரை போட்டு இருக்க ஆசைப்பட்டிருக்க மாட்டார்கள். பிறகு எண்ணெயும் எரிவாயுவும் வந்தன. மேற்குக் கனடாவின் எரிவாயுவைக் கிழக்கே கொண்டுவந்த ட்ரான்ஸ்கனடா குழாய்வழி 1958 இல் முடிந்தது. உலை சிறுத்தது, கரிக் குவியலும் கரித்தூசியும் போயின. வீட்டுக்குக் கீழே திடீரென்று ஒரு வெறும் அறை கிடைத்தது.

அந்த வெறும் அறைக்குள் பார் வந்ததுக்கு மதுவிலக்கின் வரலாறும் ஒரு காரணம். அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மது தயாரிப்பதும் விற்பதும் கொண்டுசெல்வதும் தடைசெய்யப்பட்டிருந்தது. ஆனால் குடிப்பது தடையில்லை. தடைக்கு முன்னமே வாங்கி வீட்டில் வைத்திருந்ததை வீட்டிலே விருந்தாளிகளோடு குடிக்கலாம். ஒன்ராறியோ மாகாணத்தில் 1916 இலேயே மதுவிலக்கு வந்துவிட்டது. 1927 இல் அது நீங்கினபிறகும் அரச கடையில் போத்தலை வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோவதுதான் வழி. விடுதிகளில் வழமையான பியரும் வைனும் ஊற்றிக் கொடுக்க 1934 வரையும், விஸ்கி போன்றவற்றை ஊற்றிக் கொடுக்க 1947 வரையும் காத்திருக்க வேண்டியிருந்தது. தவறணையை அரசாங்கம் இறுக்க இறுக்க, குடி வீட்டுக்குள்ளே நகர்ந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு புறநகர்களில் ஆயிரக்கணக்கில் வீடுகள் எழும்பினபோது, பேஸ்மென்ற் சுவருக்குப் பைன் பலகை அடித்து, மூலையில் ஒரு பார் வைப்பது நடுத்தர வர்க்கத்தின் கனவாகிவிட்டது. மாமாவின் கனவு அவருடைய சொந்தக் கனவு இல்லை. அந்த வீட்டோடு சேர்த்து வாங்கினது!

இனி எங்கட சனம் அந்த அறைக்குள் வருகிற இடம். 1983 ஜூலைக்குப் பிறகு ஆயிரக்கணக்கான தமிழர்கள் கனடாவுக்குப் போனார்கள். 1986 ஓகஸ்ற்றில் நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழர்களை மீனவர்கள் கண்டெடுத்தது பலருக்கும் தெரிந்த கதை. ஆனால் கரையேறினவர்கள் பிறகு எங்கே படுத்தார்கள் என்பதை யாரும் பெரிதாகக் கேட்பதில்லை. பலர் படுத்தது பேஸ்மென்றில்தான். வாடகை குறைவு, முன்பணத்துக்குப் பெரிய கேள்விகள் இல்லை, நாலு பெடியள் சேர்ந்து ஒரு அறையில் சமாளிக்கலாம்.

இங்கேதான் வெற் பார் முக்கியமாகிறது. ஒரு அறையைக் குடியிருக்கக்கூடிய வீடாக மாற்ற என்ன வேண்டும்? தண்ணீரும் வடிகாலும். விஸ்கிக் கிளாஸ் கழுவ யாரோ போட்ட சிங்க்கில் அரிசியும் கழுவலாம். பக்கத்தில் ஒரு மின் அடுப்பை வைத்தால் அது குசினி. இதனாலேதான் வட அமெரிக்காவின் பல நகரசபைகள் இன்றும் வெற் பார் வரைபடத்தைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்க்கின்றன. சிங்க் இருக்கலாம், அடுப்பு இருக்கக்கூடாது. ஏனென்றால் 'ஒரு குடும்பத்துக்கு மட்டும்' என்று ஒதுக்கப்பட்ட தெருவில் இரண்டாவது குசினி வந்தால் இரண்டாவது குடும்பமும் வந்துவிடும். அந்த இரண்டாவது குடும்பம் பெரும்பாலும் யாராக இருக்கும் என்று நாங்கள் சொல்லவேண்டுமா?

ஒன்ராறியோவில் 1994 இல் ஒரு சட்டம் வீடுகளுக்குள் இரண்டாவது குடியிருப்பை அனுமதித்தது. ஆட்சி மாறினபிறகு, 1996 இல், அந்த முடிவு திரும்பவும் நகரசபைகளின் கைக்குப் போனது. அனுமதி இல்லாத அறையில் இருக்கிறவர் "சுவர் நனைஞ்சிருக்கு" என்று யாரிடம் முறையிடுவது? முறையிட்டால் அறையே போய்விடும். ஈரத்தைச் சகித்துக்கொண்டு இருப்பதும் வாடகையின் ஒரு பகுதியாகத்தான் இருந்தது.

சரி, அந்த ஈரம் எங்கேயிருந்து வருகிறது? இரண்டு வழி. ஒன்று, வெளியிலிருந்து. கொங்கிறீற் பார்க்கக் கல்லு மாதிரி இருந்தாலும் உள்ளே நுண்துளைகள் நிறைய. விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவது போல அது மண்ணின் ஈரத்தை உறிஞ்சும். தண்ணீர் காய்ந்துபோக, அது கொண்டுவந்த உப்பு சுவரில் தங்கிவிடும். மாமா வீட்டில் நாங்கள் கண்ட வெள்ளை அதுதான். மற்றது, உள்ளே இருக்கிற காற்று. ஐஸ் போட்ட சோடாக் கிளாஸ் வெளிப்பக்கம் வியர்க்கிறதே, அது மாதிரி. கோடையிலும் நிலத்துக்குக் கீழே சுவர் குளிர்ந்தே இருக்கும். வெக்கையான ஈரக் காற்று அதில் பட்டால் தண்ணீராக மாறும். கோடையில் 'காத்து வரட்டும்' என்று ஜன்னலைத் திறந்தால் பேஸ்மென்ற் இன்னும் கூட நனையும் என்பது எங்களுக்கே புதினமாக இருந்தது. இதோடு நாலு பேரின் சோறு, குளிப்பு, உள்ளே காயப்போட்ட உடுப்பு எல்லாவற்றின் ஆவியும் சேர்ந்தால் பூஞ்சணம் பிடிக்காமல் என்ன செய்யும்?

எந்த ஈரம் என்று கண்டுபிடிக்க ஒரு பழைய வழி இருக்கிறது. அலுமினியத் தாள் ஒரு துண்டை, நாலு விளிம்பையும் ரேப்பால் இறுக்கி, சுவரில் ஒட்டவேண்டும். ஒன்றிரண்டு நாள் விட்டுப் பார்க்கவேண்டும். அறைப்பக்கம் நனைந்திருந்தால் காற்றின் ஈரம், அதற்கு ஈரம் உறிஞ்சும் மெஷின் உதவும். சுவர்ப்பக்கம் நனைந்திருந்தால் தண்ணீர் மண்ணிலிருந்து வருகிறது, அதை வெளியிலேதான் மறிக்கவேண்டும்.

மறிக்கிற வழியும் புதியதல்ல. அமெரிக்காவில் ஹென்றி ஃபிரெஞ்ச் என்பவர் 1859 இல் வயல் வடிகால் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். நிலத்தில் சரிவாக வாய்க்கால் வெட்டி, கல் நிரப்பி, தண்ணீரை வழிநடத்துகிற முறையை அது பரப்பியது. 'ஃபிரெஞ்ச் ட்ரெயின்' என்ற பெயர் பிரான்ஸிலிருந்து வந்ததல்ல, இவருடைய பெயரிலிருந்துதான் வந்தது. வீட்டு அத்திவாரத்தைச் சுற்றிப் புதைக்கிற இதே மாதிரியான குழாயைக் கனடாவில் 'வீப்பிங் ரைல்', அதாவது அழுகிற ஓடு, என்கிறார்கள். முன்பு சுட்ட களிமண்ணில் செய்தார்கள், இப்போது துளையிட்ட பிளாஸ்ரிக் குழாய்.

இதை அசட்டை செய்தால் என்ன நடக்கும் என்பதற்கு அண்மைய வரலாறே சாட்சி. 2013 ஜூலை 8 அன்று ரொறொன்ரோ பியர்சன் விமான நிலையத்தில் 126 மில்லிமீற்றர் மழை பெய்தது, நகரெங்கும் பேஸ்மென்றுகள் மூழ்கின. 2021 செப்ரெம்பரில் ஐடா புயலின் மிச்சம் நியூயோர்க்கைத் தாக்கியபோது அந்த நகரில் இறந்த 13 பேரில் 11 பேர் பேஸ்மென்றுகளில் இறந்தவர்கள். வெள்ளம் ஒருவரின் பாரைக் கெடுக்கும். இன்னொருவரை நித்திரையிலேயே கொண்டுபோகும்.

அலுமினியத் தாள் விசயத்தை மாமாவுக்குச் சொன்னோம். மூன்றாம் நாள் கோல் எடுத்தார். சுவர்ப்பக்கம்தான் நனைந்திருந்தது. வெளியே போய்ப் பார்த்தால், கூரைப் பீலித் தண்ணி முழுக்க அந்தச் சுவருக்குக் கிட்டத்தான் விழுகிறதாம். முதலில் பீலிக் குழாயைச் சுவருக்குத் தூரமாக நீட்டி, மண்ணை வெளிப்பக்கம் சரித்துப் போடப்போகிறார். அதுவும் சரிவராவிட்டால்தான் தோண்டுவது. அதுக்குப் பிறகு ஒரு முழுக் கோடை பார்க்கவேண்டும். பலகை, கார்ப்பெற் எல்லாம் கடைசியில். சிங்க் வைத்தால் கழிவுத் தண்ணி திரும்பி வராமல் தடுக்கிற வால்வும் போடச் சொல்லியிருக்கிறோம்.

"அப்ப பாரா, ரூமா?" என்று கேட்டோம். மாமி சிரித்தார். "சிங்க் எண்டா ரெண்டுக்கும் உதவும்தானே." மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "எதெண்டாலும் முதல்ல காயட்டும். காயாம ஒரு பிள்ளையையும் கீழ படுக்க விடன். நான் ரெண்டு வருசம் இருமினனான்."

அந்த இரண்டு வருட இருமலைப் பற்றி நாங்கள் அன்றைக்குத்தான் முதல்தரம் கேள்விப்பட்டோம். அந்தக் காலத்தில் அவர் அனுப்பின காசில் எங்கட வீட்டுக் கூரை மாறியது, அந்த விசயம் மட்டும்தான் எங்களுக்குத் தெரியும். கல்வெட்டும் செப்பேடும் வாசிக்கப் பழகுகிற நாங்கள் இதை எங்கே போய் வாசிப்பது? அனுமதி இல்லாத அறைகளுக்கு ஆவணமும் குறைவு. அதை நினைவில் வைத்திருக்கிறவர்கள் இப்போது ரிட்டயர் பண்ணுகிற வயதில் இருக்கிறார்கள். உங்கட வீட்டிலயும் வெளிநாட்டிலிருந்து கோல் எடுக்கிற ஒரு மாமாவோ சித்தியோ இருப்பார். அடுத்தமுறை கதைக்கும்போது, போன புதிதில் எந்த அறையில் இருந்தார்கள், சுவர் எப்படி இருந்தது, எத்தனை பேர் படுத்தார்கள் என்று கேளுங்கள். கேட்டதை எழுதியும் வையுங்கள்.